ஓர் அடியின் விலை

நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் செய்திகளுக்குக் கீழே, பெரும்பாலும் சிறிய எழுத்தில், கோல்ஃப் போட்டியின் முடிவுகள் வெளியாகின்றன. பெயர், நாடு, நான்கு நாள் எண்கள், அவற்றின் கூட்டுத்தொகை, சில வேளைகளில் இறுதியில் ஒரு பணத்தொகை. அந்தப் பட்டியலைப் பார்க்கும் வாசகர் பலருக்கு எழும் முதல் ஐயம், எண்ணிக்கை குறைந்தவர் ஏன் முதலிடத்தில் இருக்கிறார் என்பதே. பற்றும் வரவும் எழுதிப் பழகிய நமக்கோ, இரண்டாவது ஐயமே பெரிதாகத் தோன்றியது. எண்ணில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பணத்தில் எவ்வளவு மாறுகிறது? அதற்கு விடை தேடிய பொழுது, அந்தப் பட்டியலை ஒரு கணக்கேடாகவே படிக்கலாம் என்பது புலனாயிற்று.

பணி மாறுதலில் கொல்கத்தாவுக்குச் செல்லும் வங்கி அலுவலர்கள் டோலிகஞ்ச் பகுதியை அறிவார்கள். மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஆட்டோக்களின் வரிசை, தேநீர்க் கடைகள், திரைப்பட நிலையங்கள். இவற்றுக்கு நடுவே நீண்ட மதில்கள். மதிலுக்கு அப்பால் புல்வெளி. அங்கே அமைந்திருப்பது ராயல் கல்கத்தா கோல்ஃப் மன்றம். 1829ஆம் ஆண்டில் டம்டம் கோல்ஃப் மன்றம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இது, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் மன்றம் ஆகும். நமது தொழிலின் கண்கொண்டு பார்த்தால் காலம் எளிதில் விளங்கும். பாங்க் ஆஃப் கல்கத்தா தொடங்கப்பட்டது 1806இல். பாங்க் ஆஃப் மெட்ராஸ் தொடங்கப்பட்டது 1843இல். இவ்விரண்டு வங்கிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிறந்தது இந்த மன்றம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவுக்கு வந்த பொழுது ‘ராயல்’ என்னும் அடைமொழி கிடைத்தது. வங்காளத்துச் சமவெளிக்கே உரிய குளங்கள் ஆடுகளம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. பந்து குளத்தில் விழுந்தால் அதற்குத் தண்டனையாக ஓர் அடி கணக்கில் ஏறும்.

ஆட்டத்தின் கணக்கு எளிமையானது. ஆடுகளத்தில் 18 குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்கத் திடல் உண்டு. அங்கிருந்து அடிக்கத் தொடங்கிப் பந்தைக் குழியில் இறக்க எத்தனை அடிகள் தேவைப்பட்டன என்பதே கணக்கு. இருநூற்றைம்பது கெஜம் பறக்கும்படி வீசி அடித்தாலும் கணக்கில் ஒன்றுதான். குழியின் விளிம்பில் நிற்கும் பந்தை ஓர் அங்குலம் தள்ளினாலும் ஒன்றுதான். கோல்ஃப் ஆட்டத்தில் பலசாலியும் மெலிந்தவரும் ஒரே வரிசையில் நிற்க முடிவதற்கு இந்த விதியே காரணம் என்பது நம் கருத்து.

தேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு குழியையும் எத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் ‘பார்’ என்று பெயர். குழியின் தொலைவைப் பொறுத்து அது மூன்று, நான்கு அல்லது ஐந்தாக இருக்கும். பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72. பாரைவிட ஓர் அடி குறைவாக முடித்தால் ‘பேர்டி’, இரண்டு குறைந்தால் ‘ஈகிள்’, ஓர் அடி கூடினால் ‘போகி’. தொழில்முறைப் போட்டி வழக்கமாக நான்கு நாள்கள் நடைபெறும். நாளொன்றுக்கு 18 குழிகள் வீதம் மொத்தம் 72 குழிகள். பார் 72 ஆனால் நான்கு நாளுக்கும் 288. ஒருவர் 279 அடிகளில் முடித்தால் பட்டியலில் ‘மைனஸ் 9’ என்று எழுதுகிறார்கள். நம் பாஸ்புத்தகத்தில் மைனஸ் குறி வந்தால் கவலை. கோல்ஃப் ஆட்டக்காரருக்கு அதுவே மகிழ்ச்சி.

இனிப் பணத்தின் கணக்குக்கு வருவோம். தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரருக்கு ஊதியம் கிடையாது. கிரிக்கெட் வீரருக்கு வாரியத்தின் ஒப்பந்தம் உண்டு; கால்பந்து வீரருக்கு மன்றத்தின் சம்பளம் உண்டு. கோல்ஃப் ஆட்டக்காரர் பயணச்செலவு, தங்குமிடம், நுழைவுக் கட்டணம், தமது பையைச் சுமந்து வரும் கேடியின் கூலி ஆகிய அனைத்தையும் தாமே ஏற்றுப் போட்டிக்கு வருகிறார். விளம்பர ஆதரவு கிடைப்பவர் சிலரே. முதல் இரண்டு நாள்கள், அதாவது 36 குழிகள் முடிந்ததும் ஒரு கோடு கிழிக்கப்படும். அதனை ‘கட்’ என்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆடும் போட்டியில் ஏறத்தாழப் பாதிப் பேர், அல்லது அதற்கும் மேலானோர், அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிடுவார்கள். அவர்களுக்குப் பரிசுத்தொகையில் பங்கில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஓர் அடியில் கோட்டைத் தவறவிட்டவர், அந்த வாரத்தைச் செலவுக் கணக்கில் மட்டுமே எழுதிக்கொண்டு ஊர் திரும்புகிறார்.

கோட்டைத் தாண்டியவர்களுக்குப் பரிசுத்தொகை இடத்திற்கேற்பப் பங்கிடப்படுகிறது. பங்கு விகிதம் அமைப்புக்கு அமைப்பு மாறும். அமெரிக்காவின் பிஜிஏ டூரில் வெற்றியாளருக்கு மொத்தத் தொகையில் 18 விழுக்காடு வழங்குவது வழக்கம். ஐரோப்பிய டூரில் நெடுங்காலம் இருந்து வந்த வழக்கப்படி முதலிடத்துக்கு ஆறில் ஒரு பங்கு, இரண்டாம் இடத்துக்கு 11.11 விழுக்காடு, மூன்றாம் இடத்துக்கு 6.26 விழுக்காடு. இந்தியத் தொழில்முறை கோல்ஃப் டூரில் பரிசுத்தொகை ஒரு கோடி ரூபாய் என்றால் வெற்றியாளருக்கு 15 லட்சம் ரூபாய். ஒன்றாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே படி எவ்வளவு உயரமானது என்பதைக் கவனிக்க வேண்டும். கீழே இறங்க இறங்கப் படிகள் தாழ்ந்துகொண்டே போகும். நாற்பதாம் இடத்தவருக்கும் நாற்பத்தொன்றாம் இடத்தவருக்கும் உள்ள வேறுபாடு மிகச் சொற்பம்.

இருவர் ஒரே எண்ணிக்கையில் முடித்தால் என்ன செய்வார்கள்? முதலிடத்துக்கு மட்டும் சமநிலை செல்லாது. கூடுதல் குழிகள் ஆடி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். பிற இடங்களில் சமநிலை அப்படியே நிற்கும். பணம் மட்டும் கூட்டிப் பங்கிடப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு கோடி ரூபாய்ப் போட்டி ஒன்றில் ஐரோப்பிய விகிதம் பின்பற்றப்படுவதாகக் கொள்வோம். இருவர் இரண்டாம் இடத்தில் சமமாக நின்றால், இரண்டாம் இடத்துக்குரிய 11.11 லட்சத்தையும் மூன்றாம் இடத்துக்குரிய 6.26 லட்சத்தையும் கூட்டி, வரும் 17.37 லட்சத்தை இருவருக்கும் சமமாகப் பிரித்து, ஆளுக்கு ஏறத்தாழ 8.68 லட்சம் வழங்குவார்கள். இருவரில் ஒருவர் எங்கேனும் ஓர் அடி குறைத்திருந்தால் அவருக்கு 11.11 லட்சம், மற்றவருக்கு 6.26 லட்சம். அந்த அடி முதல் நாள் காலை மூன்றாம் குழியில் தவறவிட்ட எளிய அடியாகவும் இருக்கலாம். அன்று அதன் விலை யாருக்கும் தெரிந்திராது.

இதனினும் கூர்மையான உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதுவும் கொல்கத்தாவோடு தொடர்புடையது. அசன்சோலில் பிறந்து, கொல்கத்தாவின் ஆடுகளங்களில் கோல்ஃப் கற்றவர் அர்ஜுன் அட்வால். 1999இல் ராயல் கல்கத்தா மன்றத்தில் நடந்த இந்தியன் ஓப்பன் போட்டியை வென்றவர். பிறகு அமெரிக்காவுக்குச் சென்று பிஜிஏ டூரில் ஆடி வந்தார். 2010ஆம் ஆண்டில் காயத்தின் காரணமாக அந்த டூரில் ஆடும் உரிமையை இழந்தார். அந்த ஆகஸ்ட் மாதம் விண்டம் சாம்பியன்ஷிப் போட்டிக்கு, திங்கட்கிழமை நடக்கும் தகுதிச் சுற்றில் வென்று இடம் பிடித்தார். நான்கு நாள்களில் 260 அடிகள். அந்த ஆடுகளத்தின் பார் 70 என்பதால் மைனஸ் 20. கடைசிக் குழியில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவிலிருந்து பந்தைக் குழியில் தள்ளி, டேவிட் டாம்ஸ் என்பவரை ஒரே ஓர் அடியில் முந்தினார். பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது. போட்டியின் பரிசுத்தொகை 51 லட்சம் டாலர். அதில் 18 விழுக்காடாகிய 9,18,000 டாலர் அட்வாலுக்கு. டாம்ஸுக்குரிய இரண்டாம் பரிசு 5,50,800 டாலர். இடைவெளி 3,67,200 டாலர். அந்நாளைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி ரூபாய். அத்துடன், இழந்திருந்த ஆட்ட உரிமையும் திரும்பக் கிடைத்தது. அந்த உரிமைக்கு விலை மதிப்பிட நம்மால் இயலவில்லை.

இவ்வளவு பணம் தொங்கும் கணக்கை எழுதுபவர் யார் என்று வாசகர் கேட்கலாம். நடுவர் அல்லர். ஆட்டக்காரர்கள் தாமே. உடன் ஆடும் ஒருவர் உங்கள் அட்டையில் உங்கள் அடிகளைக் குறிப்பார்; நீங்கள் மற்றொருவரின் அட்டையில் குறிப்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் குழிவாரியாகச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். ஒரு குழியில் உண்மையைவிடக் குறைவான எண்ணுக்கு ஒப்பமிட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். கூடுதலான எண்ணுக்கு ஒப்பமிட்டால் அந்தக் கூடுதல் எண்ணே நிலைக்கும்.

1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்ஸோவுக்கு நேர்ந்தது இதுதான். இறுதி நாள் அவருடைய 45ஆம் பிறந்தநாள். பதினேழாம் குழியை மூன்று அடிகளில் முடித்தார். பலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தனர். அட்டையைக் குறித்த டாமி ஆரன் தவறுதலாக நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்ஸோ கவனிக்காமல் ஒப்பமிட்டார். அன்று அவர் உண்மையில் ஆடியது 65. ஏட்டில் நின்றது 66. பாப் கோல்பியுடன் சமநிலையில் நின்று மறுநாள் கூடுதல் ஆட்டம் ஆட வேண்டியவர், ஓர் அடி பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார். பணத்தைக் கவுண்டரை விட்டு நகரும் முன் எண்ணிப் பார்க்கும்படி ஒவ்வொரு கிளையிலும் எழுதி மாட்டியிருக்கிறோம். அதைக் கண்டு புன்னகைத்துச் செல்லும் வாடிக்கையாளர்களுக்கு இந்த நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும் என்று நமக்கு நெடுநாள் ஆசை.

மீண்டும் கொல்கத்தாவுக்கு. இந்தியன் ஓப்பன் போட்டி 1964இல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பீட்டர் தாம்சன் அதன் தொடக்கத்துக்குத் துணைநின்று, டெல்லியில் நடந்த முதல் போட்டியைத் தாமே வென்றார். அடுத்த ஆண்டு ராயல் கல்கத்தா மன்றத்தில் வென்றவர் பி.ஜி. சேத்தி. பில்லூ சேத்தி என்று அழைக்கப்பட்ட அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர்; பொழுதுபோக்காக ஆடியவர். அப்படிப்பட்டவர்கள் பரிசுப் பணம் பெற விதி இடந்தராது. கோப்பை அவருக்கு, முதற்பரிசுப் பணம் அவருக்கில்லை. அன்றைய இந்திய கோல்ஃப் உலகின் நிலை இதிலேயே தெரிகிறது. மன்ற உறுப்பினர்களுக்கு அது விளையாட்டு. வருமானத்துக்கு அவர்களுக்கு வேறு தொழில் இருந்தது. பணம் தேவைப்பட்டவர்கள் மதிலுக்குள்ளேயே வேறு வேலைகளில் இருந்தார்கள்: பை சுமந்தவர்கள், பந்து பொறுக்கியவர்கள், புல் வெட்டியவர்கள்.

அவர்களிடமிருந்து ஆட்டக்காரர்கள் எழுந்து வரப் பல ஆண்டுகள் ஆயின. 1991இல் டெல்லியின் அலி ஷேர், கேடியாக இருந்து உயர்ந்தவர், இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1993இல் மீண்டும் வென்றார். 1998இல் கொல்கத்தாவைச் சேர்ந்த ஃபெரோஸ் அலி மொல்லா வென்றார். 2009இல் பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா வென்றார். வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மானும் டாக்காவில் பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கியவரே. 2013இல் இதே கோப்பையைப் பெற்றார்.

இந்த வரிசையில் நம் மனத்தில் நிற்பவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அவருடைய தந்தை ராயல் கல்கத்தா மன்றத்தில் புல்தரைகளைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். குழியைச் சுற்றி மெத்தைபோல் வெட்டப்பட்டிருக்கும் புல்தரைக்குக் ‘கிரீன்’ என்று பெயர். ஆட்டத்தின் விலை மிகுந்த அடிகள் அங்கேதான் நிகழ்கின்றன. தந்தை பேணிய தரையில் மகன் ஆடக் கற்றார். உடலமைப்பில் சிறியவர்; நெடுந்தொலைவு அடிப்பவர் அல்லர். குழியின் அருகில் பந்தைக் கையாளும் திறத்துக்காக, ‘சிப்’, ‘பட்’ என்னும் ஆட்டச்சொற்களை அவர் பெயரோடு சேர்த்துச் ‘சிப்பட்சியா’ என்று உடன் ஆடுவோர் அவரை அழைத்தனர். 1997இல் தொழில்முறை ஆட்டக்காரரானார்.

அவருடைய இந்தியன் ஓப்பன் கணக்கை வரிசையாக எழுதினால் இப்படி வரும். 1999, சொந்த மன்றத்திலேயே, அட்வாலுக்குப் பின்னே இரண்டாம் இடம். 2006, மூவர் சமநிலையில் நின்று கூடுதல் குழி ஆடியதில் ஜோதி ரந்தாவா வெற்றி. சௌராசியா இரண்டாம் இடம். 2013, ரஹ்மானிடம் ஓர் அடியில் தோல்வி. 2015, அனிர்பான் லாஹிரியுடன் சமநிலை. கூடுதல் குழியில் தோல்வி. அந்த 2015 போட்டியின் பரிசுத்தொகை 15 லட்சம் டாலர். ஆறில் ஒரு பங்காகிய 2,50,000 டாலர் லாஹிரிக்கு. 1,66,660 டாலர் சௌராசியாவுக்கு. வேறுபாடு அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய். 72 குழிகளில் இருவரும் ஆடிய அடிகள் சமம்.

ஆயினும் அதற்கு முன்பே அவர் வாழ்வை மாற்றிய ஒரு வாரம் வந்துபோயிருந்தது. 2008 பிப்ரவரியில் ஐரோப்பிய டூர் முதன்முறையாக இந்தியாவில் ஒரு போட்டியை நடத்தியது. இந்தியன் மாஸ்டர்ஸ் என்னும் அப்போட்டி டெல்லி கோல்ஃப் மன்றத்தில் நடந்தது. பரிசுத்தொகை 25 லட்சம் டாலர். எர்னி எல்ஸ் போன்ற உலகப் புகழ் பெற்றோர் வந்திருந்தனர். சௌராசியா அந்த டூரின் உறுப்பினர்கூட அல்லர். இறுதி நாள் 67 அடிகளில் முடித்து, மொத்தம் 279, மைனஸ் 9 என்ற கணக்கில் அயர்லாந்தின் டேமியன் மெக்ரேனை இரண்டு அடிகளில் வென்றார். பரிசு 4,16,660 டாலர். அந்நாளில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேல். ஐரோப்பிய டூரில் ஆடும் உரிமையும் சேர்ந்து கிடைத்தது. 2011இல் அவந்தா மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்றார்.

கடன் கேட்டு வருவோரிடம் ஊதியச் சான்று கேட்பது நம் வழக்கம். தொழில் செய்வோரிடம் மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு கேட்கிறோம். இத்தகைய ஆட்டக்காரர் ஒருவரின் மூன்றாண்டுக் கணக்கைக் கற்பனை செய்து பார்த்தோம். ஒரு வாரத்தில் கோடி. அதன்பின் பல வாரங்கள் வெறும் செலவு. எப்போது அடுத்த வரவு என்று யாராலும் சொல்ல முடியாது. சராசரி என்ற சொல்லுக்கே அங்கு பொருளில்லை. வந்த வாரத்தில் ஒதுக்கி வைப்பவரே வராத வாரங்களில் ஆடச் செல்ல முடியும். விவசாயத்தை நம்பி வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல மகசூல் எத்தனை பருவங்களைத் தாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2016 மார்ச்சில் டெல்லியில் நடந்த இந்தியன் ஓப்பனில், நான்கு முறை இரண்டாம் இடம் பெற்றவராகச் சௌராசியா களமிறங்கினார். 273 அடிகள், மைனஸ் 15. இரண்டு அடிகள் பின்னால் சமநிலையில் நின்ற இருவரில் ஒருவர் லாஹிரி. மற்றவர் தென்கொரியாவின் வாங் ஜியூங்-ஹுன். இரண்டாம், மூன்றாம் பரிசுகளைக் கூட்டிப் பங்கிட்டுக்கொள்ளும் முறை இம்முறை அவர்களுக்கு வாய்த்தது. அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், 112 ஆண்டுகளுக்குப் பிறகு கோல்ஃப் மீண்டும் சேர்க்கப்பட்ட பொழுது, இந்தியாவுக்காக ஆடிய இரண்டு ஆடவர்கள் லாஹிரியும் சௌராசியாவும். ஒலிம்பிக்கில் பரிசுப் பணம் இல்லை.

2017இல் போட்டி குருகிராமின் டிஎல்எஃப் ஆடுகளத்துக்கு மாறியது. கடினமான களம், முந்தைய ஆண்டைப்போல் அடிகளைக் குறைக்க எவராலும் இயலவில்லை. சௌராசியா 278 அடிகளில், மைனஸ் 10 என்ற கணக்கில் முடித்துப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். இரண்டாம் இடம் பெற்ற மலேசியாவின் கேவின் கிரீன் அவருக்கு ஏழு அடிகள் பின்னால் இருந்தார்.